அறுநூற்று நாற்பது மீட்டர்

கொம்பையாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் என்னிடம் ஒரு முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னார்.

காலை ஏழு மணி இருக்கும். உப்பளத்துக்குத் திரும்புகிற முக்கில் டீக்கடை. சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து நீட்டினார். இரண்டு விரல் நீளம், ஒரு முனை தட்டையாகச் சீவியது, மறுமுனையில் சின்ன ஓட்டை. "நூலு அந்துபோச்சு அண்ணாச்சி. இந்தக் கைய வச்சுக்கிட்டு எனக்கு முடிச்சு விழ மாட்டேங்கு" என்றார். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. உப்பு அரைக்கிற மில்லில் போனது. நான் கடையில் வடைப் பொட்டலம் கட்டுகிற நூலில் ஒரு முழம் வாங்கி, ஓட்டையில் கோத்து, இரட்டை முடிச்சாகப் போட்டுக் கொடுத்தேன். பல்லால் இழுத்துப் பார்த்தார். "இது போதும், எங்க காலத்துக்கும் வரும்" என்றார். சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்குப் பின்னால் சுவிட்ச் போர்டு இருக்கிறது. இப்படி நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பயம் ஒன்றும் இல்லை, ஒரு ஜாக்கிரதைதான்.

நீங்கள் கேட்டது, முதலாளி அதிசயம் அண்ணாச்சியின் அளத்தில் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று. வாய்க்கால் வெட்டப் போகிறீர்கள், இயந்திரம் வரப்போகிறது, தவசிமுத்துவைக் கேளுங்கள், புதைத்தவர் அவர்தான் என்று யாரோ என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் கொம்பையாவை விட்டுவிட்டு அந்த வழியைச் சொல்ல எனக்கு வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்து மூன்று வருஷத்தில் என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

நான் படித்த வயர்மேன் இல்லை. கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் ஒன்பது வருஷம் இருந்தேன். பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். ஒரு நோட்டு வைத்திருந்தேன். மூன்று குதிரைத்திறன் மோட்டாருக்கு இந்த அளவு கேபிள், ஐந்துக்கு இது, ஏழரைக்குப் பத்து சதுர மில்லிமீட்டர் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் எல்லாம் கிணற்று மோட்டார். மீட்டர் பெட்டி கிணற்று மேட்டிலேயே இருக்கும். இருபது மீட்டர், முப்பது மீட்டர், அதற்குமேல் கேபிள் போட்டு எனக்குப் பழக்கம் இல்லை. நோட்டு ஒரு தடவைகூட என்னை ஏமாற்றியதில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிசயம் அண்ணாச்சிக்கு அளத்தின் கடைசியில், கடலோரம், ஒரு புதுப் பம்ப் வேண்டியிருந்தது. மீட்டர் அறை ரோட்டுப் பக்கம். கம்பம் நட்டுக் கம்பி இழுக்கலாம் என்றால் உப்புக் காற்று ஒரே வருஷத்தில் கம்பியைத் தின்றுவிடும், லாரிக்காரன் உப்பு கொட்டும்போது தொட்டியைத் தூக்கிக் கம்பியில் தட்டுவான். அதனால் மண்ணுக்குள் கேபிள். "ஒம்மால முடியுமாவே?" என்று கேட்டார். முடியும் என்றேன். ஏழரைக் குதிரை மோட்டார். நோட்டில் இருக்கிறதே.

தூரத்தை நானும் கொம்பையாவும்தான் அளந்தோம். அவர் அந்த அளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். முப்பது மீட்டர் கயிறு. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. எழுதிக்கொள்ளுங்கள்: மீட்டர் அறைக்குத் தென்மேற்கு மூலையில் தொடங்குகிறது. உப்பு அம்பாரம் போடுகிற தட்டுமேட்டை ஒட்டி நேராக. பத்துக் கயிறு போனதும் கொம்பையா நின்று, "அண்ணாச்சி, இப்படியே போனா இலங்கை வந்துரும், பாஸ்போர்ட்டு வச்சிருக்கியளா?" என்றார். பிறகு கிழக்கே திரும்பி, பெரிய வரப்போடு கடற்கரை வரை. இருபத்தொரு கயிறும் பத்து மீட்டரும். அறுநூற்று நாற்பது.

தூரத்தை ஒரு சாண் பிசகாமல் அளந்தேன் தம்பி. எதற்கு அளந்தேன்? எத்தனை மீட்டர் வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அதற்கு மட்டும்தான். எத்தனை கனம் என்பது நோட்டில் இருந்தது, எத்தனை நீளம் என்பது கயிற்றில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தை மாதம் குழி வெட்டினோம். முழங்காலுக்குச் சற்று மேலே ஆழம். அடியில் மணல் போட்டு, கேபிளைக் கிடத்தி, மேலே மணல், அதற்கு மேல் செங்கல். "கேபிளுக்கு மெத்தையா? எங்க வீட்டுல எனக்கே பாய்தான்" என்றார் கொம்பையா. அவர் மனைவி பேச்சியம்மாள் அதே அளத்தில் உப்பு வாருகிறவள். அவளும் மண் தள்ளினாள். ஜாயின்ட் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று தட்டுமேடு முடிகிற இடம், இன்னொன்று வரப்பில் பாதி தூரம். இரண்டும் நானே போட்டது. ஜாயின்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை திறப்பு. மோட்டாருக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, தேங்காய் உடைத்தார்கள். பூசை வைத்த இடம் என்று அன்றைக்கே கொம்பையா கொட்டகைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டார். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் நின்றார். நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

ஸ்டார்ட்டர் டக் டக் டக்கென்று பல்லைக் கடித்தது. மோட்டார் முனகியது. சுற்றவில்லை.

மறுபடி அழுத்தினேன். மறுபடி முனகல். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் வோல்ட் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் அறையில் நானூற்றுப் பத்து வோல்ட் இருந்தது, அதை நானே பார்த்துவிட்டு வந்திருந்தேன். இங்கே மோட்டார் கிளம்பப் பார்க்கும்போது முள் இருநூற்றைம்பதுக்கு விழுகிறது. தம்பி, அந்த முள்ளைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கரண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் வழியிலேயே பாதி செத்துவிட்டது. கம்பி மெலிசு. தூரத்துக்கு மெலிசு.

"என்னவே, ஏதும் கோளாறா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. புது மோட்டாரு. கொஞ்சம் பழகணும்" என்றேன்.

"மருமகப்பிள்ளை மாதிரி. மொத நாளு எந்திரிக்க மாட்டாரு" என்றார் கொம்பையா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினேன்.

அதற்குள் ஒரு காந்தம் இருக்கிறது. கரண்டு சரியாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். குறைந்தாலோ மோட்டார் திணறினாலோ விட்டுவிடும். மோட்டாரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. காந்தம் பிடிக்கிற கட்டையை ஒரு குச்சியால் அழுத்தி வைத்துவிட்டால் அது விடாது. ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். வெளியே கிடந்த உடைமரக் குச்சியைச் சீவிச் செருகினேன். மோட்டார் முனகி, முனகி, மெல்லச் சுற்றி, வேகம் எடுத்தது. கடல் தண்ணீர் பாத்திக்குள் பாய்ந்தது. அண்ணாச்சி என் முதுகில் தட்டினார்.

அன்று சாயங்காலம் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். இருபத்தைந்து சதுர மில்லிமீட்டர் போட்டிருக்க வேண்டும். பத்து போட்டிருந்தேன். என் மனைவி செல்லக்கனி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன்.

"போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

"குழியை மூடியாச்சு."

"தொறந்தா என்ன? ஏசுவாரு. ஏசட்டும். ஏச்சு மேலுல ஒட்டுமா?"

"இனிமே எவன் என்னைய வேலைக்குக் கூப்பிடுவான்?"

மறுநாள் நான் அளத்துக் கேட்டு வரைக்கும் போனேன். அண்ணாச்சியின் கார் நின்றது. திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் போனேன். அப்போது அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நடுவில் புகுந்து சொல்வது மரியாதை இல்லை.

கொம்பையாவிடம் மட்டும் சொல்லிவைத்தேன். குச்சி மோட்டார் கிளம்புகிற வரைக்கும்தான், கிளம்பியதும் உருவிவிட வேண்டும் என்று. அது தொலைந்து போகாமல் இருக்க நான்தான் ஓட்டை போட்டு, நூல் கோத்து, ஸ்டார்ட்டரில் கட்டிவிட்டேன். ஆனால் மத்தியானத்தில் ரோட்டுப் பக்கமே வோல்ட் குறையும். குச்சியை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும். தண்ணீர் நின்றால் பாத்தி காயும், அண்ணாச்சி ஏசுவார். கொம்பையா உருவவில்லை. உருவ மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "மருமகப்பிள்ளைக்கு மேலு கொதிக்கி அண்ணாச்சி. தோசை சுடலாம்."

"இடையில நிறுத்தி நிறுத்தி ஓட்டுமய்யா."

"நிறுத்துனா அவரு எந்திரிக்கணுமே!"

சித்திரையில் ஒருநாள், "தொட்டா விரல்ல எறும்பு கடிக்க மாதிரி இருக்கு" என்றார். மோட்டாருக்குள் சூட்டில் காயில் கருகி, கரண்டு மேல்தகட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தெரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உப்பு ஈரமய்யா, செருப்புப் போட்டுக்கிட்டு ஓட்டும்" என்றேன். அன்றைக்கே கடைக்குப் போய் அவருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வாங்கிக் கொடுத்தேன். அவரைப் பற்றி எனக்கு அக்கறை இருந்தது.

டீக்கடையில் நூல் கட்டிக் கொடுத்த அன்று பத்து மணிக்குச் சத்தம் வந்தது. நான் பக்கத்து அளத்தில் ஒரு லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். ஓடிப் போனேன். கொட்டகை வாசலில் ஆட்கள். யாரும் உள்ளே போகவில்லை. அவர் மோட்டார் மேல் சாய்ந்து கிடந்தார். தரையில் உப்புத் தண்ணீர். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்துகிற பொத்தான் அவர் தலைக்குப் பக்கத்தில். ஆனால் குச்சி செருகியிருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தியும் பயன் இல்லை. கொட்டகையில் தனியாக ஒரு மெயின் சுவிட்ச் வைத்திருக்கலாம். ஸ்டார்ட்டரே போதும் என்று விட்டிருந்தேன். வாசலில் செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. புதுசு. பூசை வைத்த இடம் இல்லையா.

நீங்கள் என்ஜினீயர், உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு மனிதன் உடம்பில் கரண்டு பாய்ந்தால் அங்கே ரோட்டுப் பக்கம் ஃபியூஸ் போயிருக்கக் கூடாதா? போகவில்லை. அவர் தொடுவதற்கு முன்பே, மேல்தகட்டுக்குக் கரண்டு வந்த அன்றைக்கே போயிருக்க வேண்டும். அத்தனை மெலிசான கம்பியில், அத்தனை தூரத்தில், ஃபியூஸை உருக்குகிற அளவு கரண்டு ஓடவில்லை. இந்த முனையில் ஒரு ஆள் சாகிறார் என்று அந்த முனைக்குத் தெரியவே இல்லை.

"மெயினை அமத்துங்க! மெயினை அமத்துங்க!" என்று நான்தான் கத்தினேன். யார் ஓடினார்கள் தெரியுமா? பேச்சியம்மாள். உப்பு வாரிக்கொண்டிருந்த பலகையை எறிந்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரப்பு மேலே ஓடினாள். நான் புதைத்த கேபிளுக்கு நேர் மேலே, அதே வழியாக. வரப்பில் இரண்டு தடவை விழுந்து எழுந்தாள். எனக்கு இங்கிருந்து தெரிந்தது. நான் கயிறு பிடித்து அளந்த தூரம். அவள் ஓடி முடிக்கிற வரைக்கும் மோட்டார் நிற்கவில்லை.

நின்றபோது அவர் இல்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். குச்சியைப் பார்த்தார். குச்சி மேல்தான் எல்லார் கண்ணும். மண்ணை யாரும் பார்க்கவில்லை. "இந்தக் குச்சியை வச்சது யாரு?" என்று என்னைக் கேட்டார். "மோட்டார் ஓட்டுறவர் அவர்தான் ஐயா" என்றேன். அது பொய் இல்லை. ஓட்டியது அவர்தான். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். இயக்கியவரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். அதனால் பேச்சியம்மாளுக்கு எந்த நஷ்டஈடும் வரவில்லை. தன் சாவுக்குத் தானே குச்சி செருகினவன் என்று ஊரில் அவர் பேர் நின்றுவிட்டது. டீக்கடையிலேயே சொன்னார்கள், நான் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

யாரும் கேட்கவில்லை என்றேன் இல்லையா. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் பேச்சியம்மாள் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தக் குச்சியில நூலு கட்டியிருந்துச்சு அண்ணாச்சி. நான் பாத்தேன்" என்றாள்.

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ரெட்டை முடிச்சு. அவுகளுக்குச் சட்டைப் பித்தானே நான்தான் போட்டுவிடணும். அந்த முடிச்ச யாரு போட்டா?"

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அடுப்படி வாசலில் செல்லக்கனி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். ஒன்றும் கேட்காதது போல உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செல்லக்கனியிடம் ஒரு பழக்கம் வந்தது. வீட்டுக்குள் செருப்புப் போடாதவள், ரப்பர் செருப்புப் போடாமல் இந்த வீட்டில் ஒரு சுவிட்சைத் தொட மாட்டாள். எல்லாம் நானே போட்ட வயரிங். "நான் போட்டதும்மா, ஒண்ணும் செய்யாது" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டாள். சில பெண்களுக்குக் காரணம் இல்லாமல் ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது, என்ன செய்ய முடியும்? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்தாள். ஆஸ்பத்திரியிலும் லைட் போட நர்ஸைத்தான் கூப்பிட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், என்னைக் கூப்பிடவில்லை.

வயர்மேன் வேலையை நான் கொம்பையா போன அன்றோடு விட்டேன். சோடா, மிட்டாய் வைத்து ஒரு பெட்டிக்கடை போட்டுக்கொண்டேன். இருட்டியதும் கடையில் ஒரு மெழுகுவர்த்தி. பல்பு வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை.

அண்ணாச்சி பம்பை டீசல் எஞ்சினுக்கு மாற்றினார். கேபிளை யாரும் எடுக்கவில்லை. இப்போது முக்கியமான விஷயம், இதை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மீட்டர் அறையில் கேபிள் முனையை நான்தான் கழற்றிவிட்டேன். ஆனால் அந்த அறையை அதற்குப் பிறகு இரண்டு தடவை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். சும்மா கிடக்கிற முனையைப் பார்த்து எவனாவது புதுப் போர்டில் சேர்த்துக் கட்டியிருந்தால்? கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் கட்டியிருந்தால்? மழை பெய்கிற நாளில் எல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான். வரப்பு மேலே ஆட்கள் வெறுங்காலோடு போகிறார்கள். போய்ச் சொல்லலாம் என்று அளத்துக் கேட்டு வரைக்கும் போயிருக்கிறேன். இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள் தம்பி. இரண்டு முனையிலும் பாருங்கள். உங்கள் ஆட்களைச் செருப்புப் போடச் சொல்லுங்கள். கழற்ற விடாதீர்கள்.

வாய்க்காலைக் கொஞ்சம் தள்ளி வெட்ட முடியாதா? கேபிளைத் தொடாமல்? முடியாது என்றால் சரி. கேட்டுப் பார்த்தேன்.

பேச்சியம்மாள் இன்னும் அங்கேதான் உப்பு வாருகிறாள். தலை வெளுத்துவிட்டது. என் கடையைத் தாண்டித்தான் போவாள், வருவாள். என் கடையில் இதுவரைக்கும் ஒரு தீப்பெட்டி வாங்கினதில்லை. நீங்கள் கேபிளை இழுக்கிற அன்று எல்லாரும் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவளும் வந்து நிற்பாள். இது என்ன அளவு, என்ன அளவு போட்டிருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டாலும் கேட்பாள். கேட்டால் சொல்லிவிடுங்கள். இருபத்தைந்து என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், கொம்பையா மேல் தப்பில்லை, கம்பி மேல்தான் தப்பு என்று. நீங்கள் சொன்னால் நம்புவாள். நூல் விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

கேபிள் அளவிலே சந்தேகம் வரவே வராது தம்பி. மேல் உறை கறுப்புப் பிளாஸ்டிக். உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவை அளவு அச்சடித்திருப்பார்கள். பத்து என்று, அறுநூற்று நாற்பது தடவை இருக்கிறது.